வாசித்துக் காட்டிய ஆறு இலக்கங்கள்

"அம்மா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. காசு போட வேணும், காட் நம்பரைச் சொல்லுங்கோ."

இலங்கையில் இந்த அழைப்புக்குப் பல வேடங்கள். ஒருநாள் தொலைபேசி நிறுவனத்தின் சீட்டிழுப்பு. இன்னொருநாள் வெளிநாட்டுப் பொதி சுங்கத்தில் கிடக்கிறதாம். கனடாவிலோ சுவிஸிலோ பிள்ளை இருக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளில் பொதிக் கதை எளிதில் எடுபடும்.

காட் இலக்கமும் காலாவதித் திகதியும் கிடைத்ததும் அழைத்தவர் அவற்றை இணையக் கடையொன்றில் பதிகிறார். உடனே வங்கியிலிருந்து கணக்குக்காரரின் போனுக்கு ஓடிபி என்னும் ஒருமுறைக் கடவுச்சொல் வரும். ஆறு இலக்கம் என்றால் 10 இலட்சம் சாத்தியங்கள். சில தடவை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் செல்லாமற்போகும். ஊகித்துத் திறக்க வழியில்லை. எனவே கேட்டு வாங்குகிறார்கள்: "இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், அந்த நம்பரை வாசியுங்கோ."

ஒருமுறைக் கடவுச்சொல் என்ற எண்ணத்தை 1981இல் முன்வைத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட். கம்பியில் ஒட்டுக்கேட்பவன் களவெடுத்தாலும் அந்தச் சொல் மறுதடவை உதவக்கூடாது என்பதே அவர் நோக்கம். உரியவரே அதை எடுத்து வாசித்துக் காட்டினால் அந்தக் காவல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதேபோல் கேட்டு வாங்கும் இன்னொரு ஓடிபியால் வங்கிச் செயலிக்குள்ளும் நுழையலாம். லங்காபே வலையமைப்பு நடுச்சாமத்திலும் சில விநாடிகளில் பணத்தை வேறு வங்கிக்கு மாற்றும். அது போய்ச் சேர்வது பெரும்பாலும் தரகுக்காகக் கணக்கை இரவல் கொடுத்த ஒருவரிடம். அங்கிருந்து காசாக எடுக்கப்படும். இணைய மோசடி தனியாள் வேலையும் அல்ல. 2024 ஒக்டோபரில் கண்டி குண்டசாலையில் மட்டும் நூறுக்கு மேற்பட்ட சீனர்கள் அந்தக் குற்றச்சாட்டில் கைதாகினர்.

ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று ஊர் சொல்வது கொடுமை. ஓடிபியோடு "எவருக்கும் சொல்லவேண்டாம்" என்ற எச்சரிக்கையும் வருகிறது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய்க்கு அந்தச் செய்தியில் விளங்குவது இலக்கங்கள் மட்டுமே. திருடன் தமிழில் பேசுகிறான், வங்கி ஆங்கிலத்தில் எச்சரிக்கிறது.

அழைப்பைத் துண்டித்து, காட்டின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்குப் பேசி, காட்டை உடனே முடக்கச் சொல்லலாம், பொலிஸிலும் முறையிடலாம். அதோடு வங்கிக் கிளையில் இன்னொன்றையும் கேட்கவேண்டும். தமிழ் 1987இலிருந்து இந்நாட்டின் ஆட்சிமொழி. அந்த ஒற்றை வரி எச்சரிக்கையைத் தமிழில் அனுப்ப என்ன தடை?