சந்தனமா, மயில்கழுத்தா?

ஹாலுக்கு பெயின்ட் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி முளைத்துவிடும். வெளிர் சந்தனமே போதும் என்பார் ஒருவர்; ஒரு சுவராவது மயில்கழுத்து நீலம் வேண்டும் என்பார் இன்னொருவர். தீர்ப்பை அந்த அறையின் வெளிச்சத்திடம் விடுவதே நல்லது.

சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்றோர் அளவு உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. வெளிர் சந்தனம் 70-ஐ ஒட்டி இருக்கும். அடர் மயில்கழுத்து பெரும்பாலும் 10-க்குள் அடங்கிவிடும். பக்கத்து வீட்டுச் சுவர் மறைக்கும் ஒற்றை ஜன்னல் ஹாலில் நான்கு சுவருக்கும் அந்த நீலத்தை அடித்தால், பட்டப்பகலிலும் ட்யூப் லைட் போட வேண்டியதுதான்.

ஷேட் கார்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். எதிரெதிர்ச் சுவர்கள் தங்கள் நிறத்தை ஒன்றின்மேல் ஒன்று வீசிக்கொள்வதால், கார்டில் பார்த்ததைவிட அறையில் நிறம் தூக்கலாகவே தெரியும். விளக்கும் தன் பங்குக்கு ஆடும்: 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் நீலம் பளிச்சிடும், சந்தனம் சற்று வெளிறும், 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் சந்தனம் களைகட்டும், நீலம் மங்கும்.

அழுக்கு விஷயத்தில் இரண்டும் தப்பாது. சுவிட்ச் போர்டைச் சுற்றிய கைத்தடமும், சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெயும் சந்தனத்தில் தெரியும். மயில்கழுத்தில் தூசி தெரியும்; நாற்காலி உரசினால் உள்ளிருக்கும் பட்டி வெள்ளைக் கோடாக எட்டிப் பார்க்கும். உப்புப் பூக்கிற சுவரா? நீலத்தை மறந்துவிடுங்கள்.

செலவும் உண்டு. பெயின்டுக்கு மறைக்கும் சக்தி தருவது டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறமி. அடர் நிறங்களுக்கான பேஸில் அது குறைவு. அதனால் இரண்டு கோட்டில் முடியாமல் மூன்றாவதும் கேட்கலாம்.

என்னைக் கேட்டால், ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் சந்தனத்துக்கே. வெளிச்சத்தை அறைக்குள் பரப்புவது அதுதான். டி.வி. சுவரை மயில்கழுத்துக்குக் கொடுக்கலாம், அதுவும் மேட் ஃபினிஷில். பளபளப்பு ஏறினால் பட்டி பார்த்த மேடுபள்ளமெல்லாம் வெளியே வந்துவிடும்.

முதலில் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிச் சதுரத்தில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து, காய்ந்தபின் அடர்வாகும். காலையிலும் பார்த்து, இரவு விளக்கைப் போட்டும் பார்த்தபிறகு பெயின்டருக்குச் சொல்லி அனுப்பினால் போதும்.