ஊர்ப் பொதுப்பணிக்கு மானியம் கோருதல்

நமது அங்கத்தினர்களிற் பலர் நெசவும் பயிர்த்தொழிலும் ஒருங்கே நடைபெறும் ஊர்களில் வசிப்பவர்கள். அத்தகைய ஊரில் ஊருணி தூர்ந்துபோனால் இரு சாராருக்கும் இடர்தான். கால்நடைக்குத் தண்ணீர் இல்லை. பாவுக்குக் கஞ்சி தோய்க்கவும் தண்ணீர் இல்லை. உடனே ஒரு மனு எழுதி, கையொப்பங்களும் கைநாட்டுகளும் சேர்த்து அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது நம்மவர் வழக்கம். அது குறை கூறும் மனுவேயன்றி மானியம் கோரும் மனுவாகாது. மானிய மனு எனப்படுவது, ஊரார் தாம் என்ன செய்ய முன்வந்துள்ளனர் என்பதை முதலிற் சொல்லி, எஞ்சியதைக் கேட்பதாகும்.

மக்கள் ஒரு பங்கு இட, அரசு மறுபங்கு இடும் முறை நமக்குப் புதிதன்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்திலேயே இக்கருத்து இருந்தது. தமிழ்நாட்டில் 1997-98-இல் ‘நமக்கு நாமே’ என்ற பெயரில் வந்த திட்டம், 2011-12-இல் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்றாகி, 2021-இல் பழைய பெயருடனேயே மீண்டும் வந்தது. கிராமப்புறங்களில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் செலுத்த வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதுமானது. பாதியோ அதற்கு மேலோ செலுத்துவோர், பணியைத் தாமே முன்னின்று நடத்தவும் இடமுண்டு. விதிகள் மாறக்கூடுமாதலின், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திற் கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதத் தொடங்குக.

மனுவின் உயிர்நிலை தேவையைக் கூறும் பகுதியாகும். “மக்கள் சொல்லொணாத் துன்பம் அடைகின்றனர்” என்று எழுதுவதால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. அளந்து எழுதுக. ஊருணி 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உடையதாக, அதில் ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூர் படிந்துள்ளதாக வைத்துக்கொள்வோம். அதனை அகற்றினால் 2,400 கனமீட்டர், அதாவது 24 லட்சம் லிட்டர் நீர் கூடுதலாகத் தங்கும். 200 வீடுகளுக்கு வீட்டிற்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் 20,000 லிட்டர் தேவை எனில், அந்நீர் 120 நாளைக்கு வரும். வெயிலும் மண்ணும் பாதியைக் குடித்துவிடினும் 60 நாள் மிஞ்சும். கோடையில் இரண்டு மாதம் என்பது எத்தகைய பேறு என்பதைக் குடம் சுமக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். ஒரு கயிறும் ஒரு நீண்ட கழியும் கொண்டு பள்ளிச் சிறுவர்களே இவ்வளவையும் அளந்துவிடலாம்!

அடுத்து நிலம். நான் அறிந்த ஓர் ஊரில் மனு எழுதி, பணமும் வசூலித்து முடித்த பின்னர், கரையின் ஒரு பகுதி ஒருவருடைய பட்டாவிற் சேர்ந்திருப்பது தெரியவந்தது. பணி நின்றது, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஊரே இரண்டுபட்டது. ஆதலின் புல எண், ‘அ’ பதிவேட்டின் நகல், புல வரைபடம் ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலிலேயே சரிபார்த்துக்கொள்க. வசூல் அதற்குப் பின்னர்தான்.

வசூலைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு 9 லட்சம் ரூபாயானால் ஊர்ப் பங்கு 3 லட்சம். 200 வீடுகளுக்கும் சமமாகப் பிரித்தால் வீட்டிற்கு 1,500 ரூபாய். இது பார்வைக்கு நியாயம் போலத் தோன்றும். ஆயினும் சொந்தத் தறியின்றிக் கூலிக்கு நெய்பவருக்கும், பத்து ஏக்கர் நஞ்சை உடையவருக்கும் அத்தொகை ஒன்றாகுமா? இயன்றதற்கேற்ப வரி வகுத்து, ஏழை வீட்டாரிடம் நூறு ரூபாயாவது பெற்று, ரசீது கொடுப்பதே நன்று. ஒரு செல்வரே முழுத்தொகையும் அளிக்க முன்வந்தால் விதி அதனைத் தடுக்காது. ஆனால் ஊருணி அவர் பெயரால் வழங்கத் தொடங்கிவிட்டால், வரத்துக் கால்வாயைச் சீர்படுத்த மண்வெட்டியோடு வருவோர் குறைந்துவிடுவர் என்பது என் கருத்து.

மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளரிடமே பெறுக. கிராம சபைத் தீர்மானத்தையும் மனுவுடன் இணைப்பது வலுச் சேர்க்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுமாதலால், அதற்கு முன்பே பொருளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வெட்டியெடுக்கும் வண்டலை வயலுக்குக் கொண்டுசெல்ல விரும்பும் விவசாயிகள் அதற்குத் தனியே அனுமதி பெறவேண்டும். மனுவில் அதனை வருவாயாகக் காட்டுதல் கூடாது.

பணி முடிந்த பின் பராமரிப்பவர் யார் என்ற கேள்வியைப் பல மனுக்கள் தொடுவதேயில்லை. ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் வரத்துக் கால்வாயை வெட்டிவிடும் பொறுப்பு எந்தெந்தத் தெருவாருடையது, மடைக்குக் காவல் யார் என்பதைப் பெயர்களுடன் ஒரு தாளில் எழுதி, அவர்களின் ஒப்பமும் பெற்று இணைத்திடுக. மனுவை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்று, இணைப்புகளின் நகல்களுடன் சங்கத்துப் பெட்டியில் வைத்துக்கொள்க.