எந்த நாம்பனைப் பட்டியில் விடுவது? கால்நடை இனவிருத்தி என்னும் தொழில்

கால்நடை இனவிருத்தி என்பது, அடுத்த தலைமுறைக்குத் தாயாகவும் தகப்பனாகவும் எந்த விலங்குகள் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தொழில். நோயைத் தீர்ப்பது மிருக வைத்தியரின் வேலை. தீனியையும் தொழுவத்தையும் சீர்படுத்துவது பண்ணை முகாமையாளரின் வேலை. இனவிருத்தியாளரின் முடிவு இன்று கறக்கும் பசுவில் ஒரு துளி பாலையும் கூட்டாது. பசு சுமார் 280 நாளும் எருமை சுமார் 310 நாளும் சுமக்கின்றன. பிறந்த கன்று வளர்ந்து, சினையாகி, ஈன்று, கறவைக்கு வர மேலும் மூன்று நான்கு வருடங்கள் செல்லும். பலன் தெரிவது அதற்குப் பிறகுதான். ஆனால் அப்படிக் கூடிய தரம் சந்ததி தோறும் தொடரும். தீனியைப் போலத் தினமும் செலவு கேட்காது.

மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாப் பகுதியில் இந்த முடிவு பெரும்பாலும் மேய்ச்சல் தரையில் தானாகவே நடந்து விடுகிறது. பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் கிரான், சித்தாண்டிப் பக்கத்துப் பண்ணையாளர்கள் மாடுகளை மயிலத்தமடு, மாதவணைத் தரைகளுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். வேளாண்மை வெட்டு முடிந்த பிறகு பட்டிகள் வயல்களுக்குத் திரும்பும். இரவில் கன்றுகளைப் பிரித்து அடைத்து, விடியலில் ஒருவேளை மட்டும் கறப்பது வழக்கம். நாட்டுப் பசு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் தரும். மாட்டின் உடம்பில் சுட்ட குறி அது யாருடையது என்பதைச் சொல்லும். எந்த நாம்பன் காளைக்குப் பிறந்தது என்பதைச் சொல்லாது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே நாம்பன் பல வருடங்கள் பட்டியில் நின்றால், தன் மகள்களையே சேரும். அந்தச் சேர்க்கையில் பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு, அதாவது இரத்த உறவுச் சேர்க்கையின் அளவு, 25 சதவீதம். அதனால் கன்றுகள் மெலியும், சினை பிடிப்பது குறையும். நன்றாக வளர்ந்த நாம்பனுக்கு இறைச்சிச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதால் அதுவே முதலில் விற்கப்படுவதும் உண்டு. அப்போது பின்தங்கி வளர்ந்தது தகப்பனாகிறது. யாரும் திட்டமிடாமலே இனம் தேய்வது இப்படித்தான். இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை பட்டிகளுக்கிடையே நாம்பன்களை மாற்றிக்கொள்வது இதற்கு மலிவான மருந்து. அதை ஊர் ஊராக ஒழுங்குபடுத்துவதே இனவிருத்தியாளர் ஒருவருக்கு முழுநேர வேலையாகும்.

இந்தத் துறையின் அடிப்படை கணிதம். ஒரு பட்டியில் பசுவுக்குப் பசு பால் வேறுபடுவதில் ஏறத்தாழ கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரைதான் பரம்பரையால் வருகிறது. மீதி தீனியாலும் பராமரிப்பாலும் வருவது. சினைபிடிக்கும் தன்மையில் பரம்பரையின் பங்கு பத்திலொன்றுக்கும் குறைவு. ஆகவே பாலைத் தெரிவின் மூலம் கூட்டலாம். மலட்டுத்தன்மையை முதலில் தீனியிலும் சுகாதாரத்திலும்தான் சரிசெய்ய வேண்டும். ஜே லஷ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1937இல் வெளியிட்ட நூல் இந்தக் கணக்கைத் தனித் துறையாக நிலைநாட்டியது. 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் ஆகிய மூவர், மரபணுத்தொகுதி முழுவதிலும் பரவியுள்ள மரபணுக் குறிகளைக் கொண்டே ஒரு விலங்கின் இனத் தகுதியைக் கணிக்கலாம் என்று காட்டினர். 2009இல் ஐக்கிய அமெரிக்கா அதைப் பால்மாடுகளுக்கு அதிகாரபூர்வமாக்கியது. மகள்கள் கறவைக்கு வரும்வரை காளையை வைத்துக் காத்திருந்த காலம் அங்கே முடிந்தது. ஆனால் அந்தக் கணிப்புக்குப் பால் அளவும் பிறப்பும் பதிவான ஆயிரக்கணக்கான மாடுகள் வேண்டும். பதிவேடு இல்லாத நாட்டில் மரபணுச் சோதனை பாலைப் பற்றி எதுவும் சொல்லாது. இத்துறைக்கு வருபவர் ஆய்வுகூடத்தை மட்டும் கனவு காணக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

எந்த இனத்தைக் கலப்பது என்பது அடுத்த கேள்வி. இலங்கையின் உலர் வலயத்துக்கு சாஹிவாலும் அதன் கலப்புகளும், எருமைக்கு முர்ரா, நீலிராவி இனங்களும் பரிந்துரைக்கப்படுகின்றன. அவுஸ்திரேலியாவிலிருந்து 2017இல் இறக்குமதியான கறவை மாடுகளில் பல நோயாலும் தீனிப் பற்றாக்குறையாலும் மடிந்து, விவசாயிகள் கடனாளிகளான கதை நாடறிந்தது. மறுபுறம், 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் திறந்தவெளியில் நின்ற நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. தாங்குதிறனும் பாலைப் போலவே அளந்து தெரிவுசெய்ய வேண்டிய குணம். நாட்டு எருமையோ தனி அதிசயம்: தோற்றத்தில் தென்கிழக்காசியச் சேற்றெருமையைப் போலிருந்தும் அதற்கு 48 அல்ல, ஆற்றெருமைக்குரிய 50 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஆகவே ஆற்றெருமையான முர்ராவுடன் அதைத் தடையின்றிக் கலக்கலாம்.

இத்துறைக்கான பாதை உயர்தரத்து உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் தொடங்குகிறது. கல்குடா மாணவருக்கு மிக அருகில் இருப்பது வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான அதன் விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானத் துறை உண்டு. பட்டப்படிப்பு 4 வருடம். பேராதனையில் விவசாய பீடமும், மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடமும், மேற்படிப்புக்கு விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் இருக்கின்றன. இனவிருத்தியைத் தனிப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பு சென்னை மிருக வைத்தியக் கல்லூரியிலும் கிடைக்கிறது. பட்டத்துக்குப் போக முடியாதவருக்குக் கால்நடை வளர்ப்பு டிப்ளோமா கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிக்கு வழி திறக்கும். எந்தப் பாதையில் போனாலும் புள்ளிவிபரவியலும் கணினியும் கைவர வேண்டும்.

வேலை தருவோரில் முதன்மையானது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். குண்டசாலையில் அதன் செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகள், பல்கலைக்கழகங்கள், கோழிக்குஞ்சு உற்பத்தி நிறுவனங்கள் அடுத்தவை. களத்தில் சினைப்படுத்துநர் மறை 196 பாகை செல்சியசில் திரவ நைதரசனில் உறைந்த விந்துக் குழலை இளக்கிப் பயன்படுத்துகிறார். மாலையில் வேட்கை கண்ட பசுவுக்கு மறுநாள் காலை போடுவது பொது விதி. திறந்த தரையில் மேயும் பட்டியில் வேட்கையைக் கவனிக்க ஆளில்லை. அங்கே நல்ல நாம்பனை நேரடியாக விடுவதே பொருந்தும். அதற்கு மேய்ச்சல் தரை நிலைக்க வேண்டும். மயிலத்தமடு, மாதவணைத் தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கைக்கு எதிராக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டம், இந்தத் தொழிலின் எதிர்காலத்துக்குமான போராட்டம்.

பாடசாலை மாணவரும் வீட்டுப் பட்டியில் இந்த வேலையைத் தொடங்கலாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பசுவுக்கும் இலக்கம், அதன் தாய், பட்டியில் நிற்கும் நாம்பன், கன்று ஈன்ற தேதி, வாரமொருமுறை அளந்த பால் என்று எழுதிவந்தால், அடுத்தடுத்த இரண்டு ஈற்றுத் தேதிகளிலிருந்து ஈற்று இடைவெளி கிடைக்கும். 13 மாதத்தில் ஈனும் பசு எது, 20 மாதம் எடுப்பது எது என்று அப்போது தெரியும். நாம்பன் கன்றை எந்தப் பசுவிடமிருந்து வைத்துக்கொள்வது என்பதும் தெரியும்.