விரல் நகம் சொன்ன கணக்கு

“கால ஊனக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்றாள். கணுக்கால் பிசகி என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த பதின்மூன்று வயதுப் பெண், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். சொன்னபடி காலை ஊன்றவில்லைதான். அறை நடுவே இரண்டு கைகளையும் ஊன்றித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

திட்ட வாயெடுத்தவள், குனிந்து அவள் விரல்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். நகங்கள் வெளுத்தன, சிவந்தன, மறுபடி வெளுத்தன. உடம்பு முதுகுப் பக்கம் சாயும்போது விரல்கள் தரையை அழுத்துகின்றன, நகம் வெளுக்கிறது. வயிற்றுப் பக்கம் சாய்ந்தால் எடை உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு நகர்கிறது, நகம் சிவக்கிறது. வயிற்றுப் பக்கம் சாய்வதுதான் சிரமம். மணிக்கட்டால் மட்டும் தாக்குப்பிடிக்க முடியாது. முழங்கை மடங்கும், தோள் நகரும். இப்படிச் சாய்வைச் சமாளிப்பது, நாம் நிற்கும்போது கெண்டைக்காலும் கால் விரல்களும் பார்க்கும் வேலை. அவள் அதை முன்கைத் தசைகளுக்குப் பழக்கிவிட்டிருந்தாள்.

அசையாமல் நிற்பது என்று ஒன்று கிடையவே கிடையாது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று கணுக்காலின் முன்பக்கத்தைப் பாருங்கள், நரம்புபோல் புடைத்த தசைநாண்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சாய்ந்தால் கணுக்கால் சமாளிக்கும். மிஞ்சினால் இடுப்பு வரும். அதையும் மிஞ்சினால் கை காற்றைத் துழாவும்.

சாய்கிறோம் என்ற சேதி மூன்று வழியாக மூளைக்குப் போகிறது. ஒன்று கண். இன்னொன்று உட்காது: அங்கே மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதையும், கால்சியம் கார்பனேட் துகள்கள் தலை சாய்வதையும் சொல்கின்றன. மூன்றாவது, தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள். இவளுக்கு அடிபட்டது அந்த மூன்றாவது வழியில். வீக்கம் வற்றிய பிறகும் கணுக்காலின் சேதி சரியாக வந்து சேராது. ஒருமுறை பிசகிய கால் பலருக்குத் திரும்பத் திரும்பப் பிசக இதுவும் ஒரு காரணம். வலி போனதும் சிகிச்சைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

படிக்கிற காலத்தில் என் பின்தொடையில் எலெக்ட்ரோடு ஒட்டி ஈ.எம்.ஜி. எடுத்தார்கள். தசையில் ஓடும் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை அது. “கையைச் சட்டென்று முன்னால் தூக்கு” என்றார்கள். தூக்கினேன். திரையில் பின்தொடைக் கோடுதான் முதலில் துடித்தது, தோள்பட்டை அப்புறம்! கை எழுந்தால் உடம்பு முன்னால் சாயும் என்று கால் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பீம் என்ற ஒடுங்கிய கட்டையின்மேல் கரணம் போடுகிற பெண்ணின் பயிற்சியிலும் இந்த முன்தயாரிப்பு உண்டு.

தேர்ந்தவர்கள் எல்லாத் தசையையும் இறுக்கிக்கொண்டு நிற்பதாக நினைப்போம். புதிதாகப் பழகுகிறவர்தான் அப்படி விறைத்து நிற்பார். தேர்ந்தவர் தேவையான தசையைத் தேவையான நேரத்தில் இறுக்கிவிட்டுத் தளர்த்திவிடுவார். இன்னொன்று: இரண்டு காலிலும் சும்மா நிற்கச் சொன்னால் ஜிம்னாஸ்டுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பழகிய வித்தையில்தான் அவர்கள் கெட்டி. அதிலும் சறுக்குவது உண்டு.

2024 ஆகஸ்ட் 5, பாரிஸ் ஒலிம்பிக் பீம் இறுதிச் சுற்று. பீமின் அகலம் 10 செ.மீ., நீளம் 5 மீட்டர், உயரம் 125 செ.மீ. எட்டுப் பேரில் நான்கு பேர் விழுந்தார்கள். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸும் சுனிசா லீயும் அதில் அடக்கம். விழாமல் முடித்த இத்தாலியின் அலிஸ் டி அமாதோ தங்கம் வாங்கினார். அரங்கில் பாட்டு இல்லை. ஆரவாரம் கேட்டால் ‘உஷ்’ என்று அடக்கினார்கள். அந்த நிசப்தம் படுத்திவிட்டது என்று பைல்ஸும் லீயும் பிறகு சொன்னார்கள்.

கேட்பவருக்கு இது சாக்குபோலத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. சத்தமில்லாத இடத்தில் கவனம் தன் உடம்பின்மேலேயே திரும்பிவிடும். என்னிடம் வரும் பெரியவர் ஒருவர், “பாதத்தைக் கவனிங்க ஐயா” என்றால் தள்ளாடுவார். “அந்தக் காலண்டரைப் பாருங்க” என்றால் நிற்பார்.

ஆறாவது வாரம் அந்தப் பெண்ணை மெத்தென்ற ஃபோம்மேல் ஒற்றைக் காலில் நிறுத்தி, பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். “மேடம், பேச்சுக் குடுத்தா அவ விழுந்துடப் போறா” என்றார் அம்மா.

“நீ சும்மா இரும்மா. மேடம் பேசட்டும். பேசலேன்னாதான் எனக்குக் கால் ஞாபகம் வருது.”