டப்பில் கால் வைக்கும் முன்னே

பார்லருக்குப் போகிறவர்கள் பார்ப்பதெல்லாம் முன்னறையைத்தான். சாய்ந்துகொள்ள நாற்காலி, வெந்நீர் டப், எலுமிச்சை வாசனை, தாழ்ந்த ஒலியில் இளையராஜா. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது? சென்னையில் அழகுக்கலைப் பயிற்சி மையம் ஒன்றில், பெடிக்யூர் செய்முறை வகுப்பு நடக்கும்போது உள்ளே போய் உட்கார அனுமதி கிடைத்தது. அடடா, எழுந்து வரவே மனசில்லை!

நெயில் பாலிஷ் பாட்டில்கள் ஒரு மூலையில் கலர் கலராக அடுக்கியிருந்தன. மாணவிகளில் ஒருத்தி கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் மொய்த்துக்கொண்டிருந்தது ஒரு எவர்சில்வர் பெட்டியை. ஆட்டோக்ளேவ்! நம் வீட்டு பிரஷர் குக்கரின் படித்த அண்ணன். 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். கொதிக்கிற தண்ணீரில்கூடத் தாக்குப்பிடிக்கும் கிருமிகளின் ஸ்போர்கள் இதில் தப்பாது. நகவெட்டி, நிப்பர், புஷர் எல்லாம் தனித்தனிக் காகித உறைக்குள் போய், மேலே தேதி எழுதி, உள்ளே அடுக்கப்பட்டிருந்தன. அந்த உறையில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. நீராவிச் சூட்டில் நிறம் மாறும். மூடியைத் திறந்ததும் "மாறிடுச்சு மேம், மாறிடுச்சு!" என்று ஒரே கூச்சல். நானும் சேர்ந்து கை தட்டினேன். முதல் முறை பார்க்கிற யாருக்கும் அது மந்திரம் போலத்தான் இருக்கும்.

பயிற்சி தருகிற அம்மாள் மட்டும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "கோடு மாறினா பொட்டலம் சூடு பட்டிருக்குன்னு அர்த்தம். அழுக்கோட உள்ள வச்சிருந்தீங்கன்னா அது சுட்ட அழுக்கு. அவ்வளவுதான்."

அதனால்தான் வகுப்பின் பாதி நேரம் கழுவுதொட்டியிலேயே போகிறது. க்யூட்டிக்கிள் எனும் நகத்தடித் தோலுக்கான நிப்பரைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரண்டு தாடைகள் சேரும் கீல், அதற்குக் கீழே சின்ன ஸ்பிரிங். போன வாடிக்கையாளரின் தோல் துணுக்கு ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. நிப்பரை விரியத் திறந்து, கீலுக்குள் மெல்லிய பிரஷ்ஷை விட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்க்கிறார்கள். கழுவி, ஈரம் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்க்கிறார் மேடம். ஒரு பொட்டு தெரிந்தாலும் மறுபடி தொட்டிக்கு. அழுக்கு ஒட்டியிருந்தால் மருந்து அதைத் தாண்டி உலோகத்தைத் தொடவே தொடாது. முதலில் கழுவு, பிறகு கிருமிநாசினி, கடைசியில் ஆட்டோக்ளேவ். வரிசை மாறக் கூடாது.

கிருமிநாசினியிலும் எத்தனை சூட்சுமம்! ஆல்கஹாலில் 70 சதவீதம்தான் நல்லது, 99 சதவீதம் அல்ல. கிருமிக்குள் இருக்கும் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் கூட வேண்டும். சுத்த ஆல்கஹால் சட்டென்று ஆவியாகியும் விடும். நீலத் திரவ ஜாடி ஒன்று இருக்கிறதே, பார்பிசைட், அதில் கருவி 10 நிமிடம் முழுசாக மூழ்கிக் கிடக்க வேண்டும். கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கில் சேராது. மரக்குச்சி, அட்டை ஃபைல் போன்ற நுண்துளை உள்ள சாமான்களைச் சுத்தம் செய்யவே முடியாது என்பதால் ஒரு காலோடு அவற்றின் ஆயுள் முடிகிறது; வாடிக்கையாளர் பார்க்கும்படி ஒடித்துக் குப்பையில் போடச் சொல்லித் தருகிறார்கள். பல கடைகளில் ஊதா வெளிச்சத்தோடு மின்னும் யூவி பெட்டி? சுத்தமான கருவியை வைத்துக்கொள்ளும் அலமாரி அது. வெளிச்சம் படாத கீலுக்குள் அதற்கு வேலையில்லை.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்ட மாணவிக்கு மேடம் சொன்ன கதையில் வகுப்பே உறைந்துபோனது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வாட்சன்வில். 2000ஆம் ஆண்டு. ஒரே நெயில் சலூனுக்குப் போய் வந்த பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டி கட்டியாகக் கிளம்பியது. மொத்தம் 110 பேர். ஆறாத கட்டிகள், மாதக்கணக்கில் மருந்து. ஆய்வாளர்கள் போய், குமிழியிட்டுச் சுழலும் கால் தொட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தண்ணீரை உறிஞ்சும் துளைக்கு ஒரு சல்லடை மூடி உண்டு. அதைக் கழற்றினால் பின்னால் முடியும் தோல் கழிவும் அடைந்து கிடந்தன. 10 தொட்டிகளிலும் மைக்கோபாக்டீரியம் ஃபோர்ச்சூயிட்டம் என்ற கிருமி. தொட்டியின் மேல்பரப்பு பளபளவென்றுதான் இருந்திருக்கும். சல்லடைக்குப் பின்னால் யார் பார்த்தார்கள்? அந்த நிகழ்வுக்குப் பிறகு கலிபோர்னியாவில் சல்லடையைக் கழற்றித் தேய்ப்பதும், கிருமிநாசினியை ஓடவிடுவதும், செய்ததைப் பதிவேட்டில் எழுதுவதும் விதியாகிவிட்டன. இந்த மையத்தில் சுழல் தொட்டியே கிடையாது. சாதாரண டப், உள்ளே ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் விரிப்பு. இந்த எளிமை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது!

அந்தக் கதையில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெடிக்யூருக்கு முன்னால் காலை ஷேவ் செய்துகொண்ட பெண்களுக்குத்தான் கட்டி அதிகம் வந்திருந்தது. பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. நம் ஊர் பார்லர்களில் முகூர்த்த சீசனில் "வேக்ஸிங், பெடிக்யூர் ரெண்டும் சேர்த்து" என்று பேக்கேஜ் போடுவார்களே, அதைச் சொல்லி, "காலை ஊற வச்ச பிறகு வேக்ஸ். இல்லேன்னா வேற நாள்" என்று மேடம் போர்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

பிறகு வந்தது எனக்குப் பிடித்த கட்டம். கால் பார்ப்பது! தண்ணீரைத் தொடுமுன், பழைய பாலிஷை அழித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் குதிகால், உள்ளங்கால், ஒவ்வொரு விரலிடுக்கு என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். சேற்றுப்புண் இருக்கிறதா, நகச்சுத்தியா, நகம் மஞ்சளாகித் தடித்திருக்கிறதா. பெருவிரல் நகம் முழுசாக வளர்ந்து மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால் அதில் போன வருடத்து அடியும் தெரியும். மாடலாக வந்திருந்தவர் வாசலில் பூ விற்கும் அக்கா. "என் காலைப் போய் நீ தொடுறதா கண்ணு, வேணாம்மா" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீட்டுங்கக்கா, இதுதான் என் வேலை" என்றாள் மாணவி, கையுறையை மாட்டிக்கொண்டே. அடுத்த சங்கடம் மெட்டி. தாலி கட்டிய நாளிலிருந்து கழற்றியதில்லை, கழற்றவும் மாட்டேன் என்றார் அக்கா. கழற்றச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. மெட்டியை மெதுவாக நகர்த்தி, அடியில் தங்கியிருந்த சோப்பையும் ஈரத்தையும் பஞ்சால் ஒற்றி எடுத்து, அந்த வெளுத்த வட்டத்தில் தோல் பிரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். வெள்ளிக்கு அடியில் நாள் முழுக்க ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அக்காவின் குதிகாலில் ஆழமான பித்தவெடிப்பு. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி ஏராளம், எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் நாள் முழுக்க வெறும் தரையில் நிற்கிற கால் காய்ந்து, தடித்து, பிளக்கிறது. இங்கேதான் கை துறுதுறுக்கும், பிளேடு வைத்துச் சீவிவிடலாமா என்று. கூடவே கூடாது! சீவினால் ரத்தம் வரும், கிருமி ஏறும், காய்ப்பு முன்னைவிடக் கெட்டியாக வளரும். கலிபோர்னியாவில் சலூன்களுக்கு அந்த பிளேடே தடை. ஃபைலால் ஒரே திசையில் லேசாக, பிறகு யூரியா கலந்த க்ரீம், பொறுமை. நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்துத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். க்யூட்டிக்கிளை வெட்டாமல் தள்ளி மட்டும் விட வேண்டும், நகத்தின் அடிவாரத்துக்கு அதுதான் சீல்.

கடைசிப் பாடத்துக்கு மேடம் கைப்பையிலிருந்து ஒரு பிடியை எடுத்தார். நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழை. மோனோஃபிலமென்ட்! சரியாக 10 கிராம் விசை பட்டதும் வளையும்படி செய்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உள்ளங்காலில் அதை அழுத்தினால் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்தக் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெந்நீர் சுட்டாலும், ஃபைல் கீறினாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரை நோயில் இப்படிக் கால் மரத்துப்போவதுண்டு. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அப்படியானால் பார்லர் நாற்காலியில் உட்காரும் எத்தனை கால்கள்! வலி தெரியாததுதான் ஆபத்து என்பதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர்: 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால் புண்களை ஆராய்ந்தார். நோய் நேரடியாகச் சதையைத் தின்னவில்லை, உணர்ச்சி போன காலை அவர்கள் அறியாமலே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று காட்டினார். மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகள் அந்தப் பணியோடு சேர்ந்தவை. அந்த ஞானம் இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்கிறது. வேலூரில் தொடங்கிய இழை ஒன்று பெடிக்யூர் வகுப்பு வரை வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் புல்லரித்தது.

செய்முறைத் தேர்வை மறைந்து நின்று பார்த்தேன். மசாஜுக்கும் பாலிஷுக்கும் மார்க் உண்டுதான். ஆனால் ஒரு மாடலின் நான்காம் விரலிடுக்கு வெளுத்து வெடித்திருந்தது. மாணவி பார்த்தாள், டப்பை ஓரமாகத் தள்ளினாள், கையுறையைக் கழற்றி, கை கழுவி, எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இன்னிக்கு உங்களுக்குப் பெடிக்யூர் வேணாம். இங்க சேற்றுப்புண் மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிட்டு, ஆறினதும் வாங்க, நானே செஞ்சுவிடறேன்." தண்ணீரைத் தொடாமலே அவள் முழு மார்க் வாங்கினாள். வகுப்பு முழுக்க எழுந்து கைதட்டியது, ஆன்ட்டியும் சேர்ந்து!