மார்கழி விடியலில் டிராக்டர் கிளம்பாமை: பாட்டரியைப் பேணும் முறை

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை அடுத்துள்ள தாமல் கிராமத்துப் பெரிய ஏரி வடகிழக்குப் பருவமழையால் நிரம்பும் ஆண்டுகளில், மார்கழி, தை மாதங்கள் குடியானவர்களுக்கு ஓய்வற்ற காலமாகும். ஒருபுறம் சம்பா அறுவடை. மறுபுறம் நவரைப் பட்டத்திற்குச் சேற்றுழவு. பாய்ச்சல் முறை வந்த நாளில் டிராக்டர் கிளம்பாவிடில், அன்றைய உழவு தவறுவதுடன் நாற்றும் முற்றிப்போகும். இவ்வாறு நேரும்போது, "குளிரினால் பாட்டரி இறங்கிவிட்டது" என்று கூறுவது வழக்கம். இக்கூற்று எவ்வளவு பொருத்தமுடையது என்பதும், பாட்டரியைக் காக்கும் முறைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

பாட்டரியின் வேலை

12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்ந்துள்ளன. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் காற்று அழுத்தப்பட்டுச் சூடேறுவதனாலேயே டீசல் தீப்பற்றுகிறது. ஆதலின் ஸ்டார்ட்டர் எஞ்சினை வேகமாகச் சுழற்றுதல் அவசியம். குளிர் மிகுந்தால் மசகெண்ணெய் தடித்துச் சுழற்சி கடினமாகும். பாட்டரியின் இரசாயன வேலையும் மந்தமாகும்.

குற்றம் குளிருடையதா?

நல்ல பாட்டரியும் 0 டிகிரி சென்டிகிரேடில் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையும், சுழிக்குக் கீழ் 18 டிகிரியில் ஏறக்குறையப் பாதியையும் இழக்கும். உறைபனி விழும் உதகமண்டலத்தில் இக்குறை ஒருவாறு புலப்படலாம். தாமலிலோ மார்கழி விடியற்காலத்து வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அக்குளிர் நல்ல பாட்டரியைத் தடுக்க வல்லதன்று.

உண்மையான பகை கோடை வெப்பமே. வெப்பம் 10 டிகிரி மிகும்தோறும் தகடுகளை அரிக்கும் இரசாயன வேலை ஏறக்குறைய இரு மடங்காகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் நீர் வற்றித் தகடுகளின் மேற்பகுதி காய்ந்தும் போகிறது. பின்னர், ஐப்பசி, கார்த்திகை மழையில் டிராக்டர் கொட்டகையில் சும்மா நிற்கும்போது பாட்டரி தானே சிறிது சிறிதாக இறங்கும். இறங்கிய நிலையில் நெடுநாள் விட்டால் தகடுகளில் வெண்ணிற உப்புப் படிந்து இறுகிவிடும். ஆகவே, கோடையிலும் மழையிலும் நேர்ந்த கேடே மார்கழியில் வெளிப்படுகிறது.

மாதந்தோறும் செய்ய வேண்டுவன

1. மூடிகளைத் திறக்கும் வகைப் பாட்டரியாயின் நீர் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நீர் நிற்கவேண்டும். குறைந்தால் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையே ஊற்றுக. கிணற்று நீரிலும் ஏரி நீரிலும் உள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். திராவகம் ஊற்றலாகாது.

2. முனைகளில் பூத்திருக்கும் வெண்மையும் பச்சையுமான படிவைச் சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக முடுக்கி, வாஸலைன் தடவுக. கரைசல் பாட்டரிக்குள் புகலாகாது. கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், பூட்டும்போது கடைசியிலும் கொள்க.

3. எஞ்சின் ஓடாது சில மணி நேரம் நின்றபின் வோல்ட் மீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட் அல்லது சிறிது மிகுதியாகக் காட்டுவது நிறைந்த பாட்டரி. 12.4-க்குக் கீழிறங்கினால் உடனே சார்ஜ் ஏற்றுக.

4. டிராக்டர் ஒரு மாதத்திற்கு மேல் நிற்பதாயின் எதிர்முனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுக.

சார்ஜ் ஏறும்போது பாட்டரியினின்று தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகே பீடியோ விளக்கோ கூடாது. திராவகம் கண்ணில் தெறித்தால் மிகுந்த நீரால் நெடுநேரம் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கிளம்பாதபோது ஆராய்தல்

முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்க்கவேண்டும். விளக்கு மிகவும் மங்கினால் பெரும்பாலும் பாட்டரியிலோ முனைகளிலோ குற்றம் உள்ளது. விளக்கு மங்காதிருந்தும் எஞ்சின் சுழலாவிடில் ஸ்விட்சையும் ஸ்டார்ட்டரையும் பார்க்கவேண்டும். எஞ்சின் நன்கு சுழன்றும் கிளம்பாவிடில் டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். அதற்குப் பாட்டரியைக் குறைகூறிப் பயனில்லை.

ஸ்டார்ட்டரை ஒரே தடவையில் 10 வினாடிக்கு மேல் இயக்காமல், மறுமுறைக்கு முன் ஒரு நிமிஷமாவது பொறுத்தல் நன்று. காற்று வடிகட்டியருகே தீப்பந்தம் காட்டுவது ஆபத்தான பழக்கம், அதனை விலக்கவேண்டும். வேறு பாட்டரியின் உதவி கொள்ளும்போது இரண்டும் ஒரே வோல்ட் உடையனவாக இருத்தல் வேண்டும். நேர்முனையை நேர்முனையோடு இணைத்தபின், எதிர்முனைக் கம்பியின் மறுநுனியை இறங்கிய பாட்டரிக்குச் சற்றுத் தொலைவில் எஞ்சினின் இரும்புப் பாகத்தில் பொருத்துக.

பழைய பாட்டரி

ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்குவது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுப்பது. பழைய பாட்டரியை உடைப்பதும், அதன் திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் பெருந்தீங்கு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயனற்ற பாட்டரியைச் சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ சேர்ப்பித்தல் உபயோகிப்போரின் கடமையாகும். கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதனை ஊராருக்கு எடுத்துரைத்தல் நலம்.

பங்குனியில் கோடை தொடங்குமுன் ஒருமுறையும், புரட்டாசியில் மழைக்கு முன் ஒருமுறையும் பாட்டரியை நன்கு சோதித்து, இடையே மாதந்தோறும் நீர் பார்த்து வரும் குடியானவருக்கு, நவரை உழவு நாளில் பாட்டரியால் நேரும் தடை பெரிதும் குறையும். இதற்காகும் செலவு, தவறிப்போன ஒரு நாள் உழவின் நஷ்டத்தை நோக்க மிகச் சிறிதேயாம்.