பேரேட்டில் ஏறிய பாட்டு

ஆத்தூர்ச் சுற்றுவட்டாரத்து சேகோ மில் ஒன்றின் முற்றத்தில், மலைபோலக் குவிந்துகிடந்த குச்சிக்கிழங்கைச் சுற்றிப் பெண்கள் குந்தித் தோலுரிக்கையில், கத்தியின் சரக் சரக்கென்ற ஓசையையே தாளமாகக் கொண்டு ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைப் பால்ய வயதில் நான் மெய்ம்மறந்து கேட்டு நின்றதுண்டு. இந்தப் பாட்டை எழுதியது யார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பாட்டை யாராச்சும் எழுதுவாங்களா கண்ணு? அது கெடக்குது, நாம எடுத்துப் பாடுறோம்" என்றாள் ஒரு கிழவி.

அவ்வாறு கிடந்த பாட்டுகளைத் தேடி எடுப்பதையே ஜீவிய காரியமாகக் கொண்ட தம்பதியர், மதுரை விஜயலட்சுமியும் நவநீதகிருஷ்ணனும். நடவு வயலிலும் தொட்டிலடியிலும் இழவு வீட்டிலும் வழங்கியவற்றைக் கிராமத்து ஜனங்களின் வாயிலிருந்தே கேட்டுச் சேகரித்ததோடு அமையாமல், அவற்றைத் தாங்களே மேடையேறிப் பாடியும் காட்டினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விஜயலட்சுமிக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கணவன் பாட மனைவி மறுத்துப் பாடும் எசப்பாட்டை மெய்யாகவே மணந்துகொண்ட இருவர் பாடுகையில், அந்தக் கேலிக்கும் ஊடலுக்கும் தனியொரு ருசி உண்டாகிறது.

அமெரிக்க நாட்டுப்புறத்திலோ விஷயம் வேறுவிதம். 1945-இல் மணம் புரிந்துகொண்ட பூடலோ பிரயண்ட், ஃபெலிஸ் தம்பதியர், பாட்டெழுதுவதையே பிழைப்பாகக் கொண்டு 1950-இல் நாஷ்வில் நகரில் குடியேறி, தாங்கள் இயற்றியவற்றைத் தடித்த பேரேடுகளில் வரிசையாக எழுதி வைத்தார்கள். (பேரேடு என்றால் நம்மூரில் மண்டிக்காரரின் மூட்டைக் கணக்குத்தான் நினைவுக்கு வரும்.) பல பாடகர்கள் வேண்டாமென்று தள்ளிய 'பை பை லவ்' 1957-இல் எவர்லி சகோதரர்களின் குரலில் தேசமெங்கும் ஒலித்தது. 1967-இல் ஏறக்குறையப் பத்தே நிமிஷத்தில் எழுதிய 'ராக்கி டாப்', 1982-இல் டென்னசி ராஜ்யத்தின் கீதங்களுள் ஒன்றாயிற்று.

பெயரைப் பொறித்து உரிமைப் பணம் பெற்ற அந்தத் தம்பதியரிடம் எனக்குப் பொறாமையில்லை. உழைப்புக்குக் கூலி நியாயந்தானே. ஆனால் கிழங்குக் குவியலடியில் புதிதாக ஓரடி கட்டி, அதைப் பக்கத்திலிருந்தவள் வாயில் போட்டுவிட்டுக் கத்தியைத் தீட்டப் போன பெண்ணுக்கு எந்தப் பேரேட்டிலும் வரவு இல்லை. போன வருஷம் அந்த மில்லுக்குப் போயிருந்தேன். தோலுரிக்க இயந்திரம் வந்துவிட்டது; அதன் இரைச்சலில், அருகில் நின்ற கணக்குப்பிள்ளையிடம் நலம் விசாரிக்கவே கத்த வேண்டியிருந்தது.